முதல் பக்கத்தில் நிர்மலா

பிப்ரவரி 6

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் இருந்த பேனாவையும் எடுத்துவிட்டார்கள். வேலைக்கென்று கொடுத்த கணினியில் மின்னஞ்சல் திறக்காது, ஆனால் வலைப்பூ எழுதும் மென்பொருள் இருக்கிறது. எழுதியதை வெளியிடாமல் விட்டால் 'வரைவு' என்று ஒரு மூலையில் கிடக்கும். யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

நான் சுடலைமணி. ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க் கடை, பட்டாசுக் கடை, பல் ஆஸ்பத்திரி என்று ஊரில் பலருக்கும் இணையதளம் போட்டுக் கொடுத்தவன். தளம் போடுவது பெரிய காரியமில்லை. கூகுளில் ஒருவர் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று தட்டினால் நம் கடை முதல் பக்கத்தில் வரவேண்டும். அதுதான் தொழில். அதற்கு வாரம் தவறாமல் வலைப்பூ எழுத வேண்டும். ஜனங்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்களோ அந்தச் சொல் அதில் இருக்க வேண்டும். எஸ்.இ.ஓ. என்பார்கள். பாங்காக்கில் ஒரு கம்பெனிக்கு இந்த வேலை தெரிந்த தமிழ் ஆள் வேண்டும் என்றார்கள். கிளம்பி வந்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து பகல் முழுக்க வண்டியில் கூட்டி வந்தார்கள். கடைசியில் ஒரு படகு. ஆற்றைத் தாண்டிய பிறகு இது எந்த நாடு என்று ஒருவரும் சொல்லவில்லை. விசாவில் ஏதோ குழப்பம் போலிருக்கிறது. சரிசெய்துவிடுவார்கள்.

சாப்பாடு பரவாயில்லை.

பிப்ரவரி 7

வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். எல்லையோரம் என்பதால் இருக்கும்.

பிப்ரவரி 9

எங்கள் அறைக்கு மேலாளர் பிரின்ஸ். அது உண்மைப் பெயர் இல்லை. இங்கே எல்லோருக்கும் வேறு பெயர்தான், நான் மேக்ஸ். பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம். இவ்வளவு மரியாதையாகப் பேசும் மேலாளரை நான் பார்த்ததில்லை.

"மேக்ஸ், நம்ம கம்பெனிக்கு ஆள் எடுக்கறதுக்கு ஒரு சைட் இருக்குதுங்க. தேடுனா யாருக்கும் கெடைக்கறதில்ல. எட்டாவது பக்கத்துல கெடக்குது. நீங்க அதை மொதல் பக்கத்துக்குக் கொண்டு வரோணும்."

"என்ன வேலைக்கு சார் ஆள் எடுக்கீங்க?"

"டேட்டா என்ட்ரிங்க." சிரித்தார். "உங்களை மாதிரி."

கீழ்த்தளத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு நாலைந்து கைப்பேசிகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் காதல் பேசிப் பணம் பறிக்கிறார்களாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. என் வேலை அது இல்லை.

பிப்ரவரி 15

தளத்தைத் திறந்து பார்த்தேன். யந்திரம் மொழிபெயர்த்த தமிழ். இதை எவன் படிப்பான்? ஒரு ஆள் பேசுகிற மாதிரி இருந்தால்தான் ஜனங்கள் நின்று படிப்பார்கள். படிப்பவர்கள் நின்றால்தான் தேடலில் மேலே ஏறும். அதனால் ஒரு பெண்ணை உண்டாக்கினேன். நிர்மலா. ஈரோடு. எம்.காம். இரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறாள். அப்பா இல்லை, தம்பியைப் படிக்க வைக்கிறாள். வேலை, விடுதி, சமையல், ஊர் ஞாபகம் எல்லாம் எழுதுவாள். எங்கிருந்தோ ஒரு படத்தைப் பிரின்ஸ் கொடுத்தார். சிரித்த முகம்.

எழுத உட்கார்ந்தால் சரளமாக வருகிறது. 'வேலை' என்பதை 'வேளை' என்று தப்பாகத் தட்டித் தேடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காக அந்தத் தப்பையும் ஓரிடத்தில் வைத்தேன். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

பிப்ரவரி 26

மூன்றாவது பக்கத்தோடு நின்றுவிட்டது. பிரின்ஸ் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். வலது கை விரல்கள் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டன. இடக்கையால் தட்டுகிறேன். இன்று இவ்வளவுதான்.

மார்ச் 8

ஒரு விஷயம் பிடிபட்டது. வேலை தேடுகிறவர்கள் நேரே வேலையைத் தேடுவதில்லை. பயந்து பயந்து தேடுகிறார்கள். 'தாய்லாந்து வேலை உண்மையா', 'போலி ஏஜென்ட் எப்படிக் கண்டுபிடிப்பது' என்றுதான் அதிகம் தட்டுகிறார்கள். இந்தச் சொற்களுக்குத் தமிழில் உருப்படியாக ஒரு பக்கமும் இல்லை.

நிர்மலாவை அதைப் பற்றி எழுத வைத்தேன். 'போலி வேலை நிறுவனங்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி?' நல்ல கட்டுரை. ஒவ்வொரு வரியும் சரியான தகவல். கடைசிப் பத்தியில் மட்டும், 'நானும் இப்படிப் பயந்துதான் இருந்தேன், பிறகு இந்த நிறுவனத்தைக் கண்டுகொண்டேன்' என்று ஒரு இணைப்பு.

பிரின்ஸ் படித்துவிட்டுத் தோளில் தட்டினார்.

நான் எழுதுவது வெறும் சொற்கள். யாரையும் நான் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை.

மார்ச் 20

முதல் பக்கம். முதல் இடம். அறைக்கே பிரியாணி வந்தது. எனக்கு இரண்டு முட்டை வைத்தார்கள்.

மார்ச் 29

இன்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தமிழ் தட்டச்சு தெரியும் என்று ஒரு பெண்ணை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சகாயராணி. நிலக்கோட்டை. தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள். கைப்பேசியைப் பிடுங்கியதில் உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் அழவில்லை. காவலாளி நகர்ந்ததும் என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, நிர்மலா அக்கா எந்த ரூம்ல இருக்காங்க?"

நான் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"எந்த நிர்மலா?"

"ஈரோட்டு அக்காண்ணே. பிளாக் எழுதுவாங்கள்ல. அவங்களப் பாத்துட்டா போதும், என்ன ஏதுன்னு கேட்டுக்குவேன். நான் எடுத்தவுடனே ஒண்ணும் நம்பி வந்துடல. போலியா உண்மையான்னு எத்தனையோ நாள் தேடுனேன். எதைத் தேடுனாலும் அவங்கதான் வந்தாங்க."

"லீவுல ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"எப்ப வருவாங்க?"

"தெரியல."

மார்ச் 30

அவள் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 11

சித்திரை ஒன்று வருகிறது. நிர்மலா வாழ்த்துச் சொல்ல வேண்டும். மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ என்று தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சகாயராணி என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. மூலையில் அந்தச் சிரித்த முகம் இருந்தது. பக்கத்தில் 'எழுதியவர்: நிர்மலா' என்று இருந்தது.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், குடிக்காமல் மூடி வைத்தாள். தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 16

ஐந்து நாளாக என்னோடு பேசாதவள் இன்று பேசினாள். திரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல்.

"எங்க எல்லாரையும் வரவைக்கத் தெரிஞ்சிச்சுல்ல. நாங்க இங்க இருக்கோம்னு எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

"எழுதுனா பிரின்ஸ் படிச்சிருவாரு. தமிழ் தெரிஞ்ச ஆளு."

"அவர் படிக்காத மாதிரி எழுதுங்க. அதானே உங்க தொழிலு."

காவலாளி கடந்து போனதும், "நான் முட்டாளில்ல. வண்டியில வரும்போது மேப்பைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். இந்த எடத்துக்குப் பேரு தெரியும் எனக்கு" என்றாள். சொன்னாள். அந்தப் பெயரை இந்த வரைவில்கூட எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 18

வழி இருக்கிறது. அது இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

கூகுளில் எதையாவது தேடினால் நீல எழுத்தில் தலைப்பு வரும்; அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரியைத் தளம் போடுகிறவன் தனியாக எழுதிக் கொடுக்கலாம். பக்கத்தைத் திறந்து படித்தால் அது எங்கேயும் தெரியாது. தேடினவர் கண்ணில் மட்டும் படும். பிரின்ஸ் பக்கங்களைத் திறந்துதான் சரிபார்க்கிறார், தேடிப் பார்ப்பதில்லை.

யார் தேடுவது? என் மனைவி வேல்கனி. இ-சேவை மையத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் இருப்பவள். எதைத் தேடுவது? வேறு ஒருவரும் தேடாத ஒரு சொல் வேண்டும். நாடே தேடும் சொல்லில் முதலிடம் பிடிக்க மாதக்கணக்காகும். எவருமே தேடாத சொல்லில் முதலிடம் பிடிப்பதற்குப் போட்டியே இல்லை.

நிர்மலா ஒரு சமையல் குறிப்பு எழுதினாள். 'நுங்கு போட்ட கருவாட்டுக் குழம்பு.' அப்படி ஒரு குழம்பு உலகத்தில் கிடையாது.

அந்த இரண்டு வரியில் என் பெயர், ஊர். சகாயராணி, அவள் ஊர். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு சொல். இந்த இடத்தின் பெயர். அதற்கு மேல் இடமில்லை. இங்கே இருக்கும் மற்றவர்களை யோசித்தேன். இடமில்லை.

ஏப்ரல் 21

தேடிப் பார்த்தேன். குழம்பு முதல் இடத்தில் வருகிறது. ஆனால் கீழே நான் கொடுத்த வரிகள் இல்லை. 'புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடவும்' என்று வருகிறது. சில நேரம் கூகுள் நாம் கொடுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து தானாக ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

வரிகளின் நடுவில் 'நுங்கு', 'கருவாடு' என்ற சொற்களையும் நுழைத்து மறுபடி கொடுத்தேன். தேடும் சொல் அதில் இருந்தால் எடுக்க வாய்ப்பு அதிகம். அவசரத்தில் ஒருமுறை பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். உடனே அழித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25

வந்துவிட்டது. என் பெயரைத் திரையில் பார்த்ததும் சட்டென்று மூடிவிட்டேன். சகாயராணி பக்கம் திரும்பித் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 27

வீட்டுக்குப் பேச விட்டார்கள். பிரின்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, நல்லா இருக்கீங்களா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிதான். நல்லா இருக்கேன் கனி."

"சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?"

"அதெல்லாம் பரவால்ல. உங்க அம்மா வைப்பாங்கள்லா, நுங்கு போட்ட கருவாட்டுக் குழம்பு, அது நெனப்பாவே இருக்கு."

என் மாமியார் கருவாட்டு வாசம் வந்தாலே தெருவைத் தாண்டி நடப்பவர்.

"எங்க அம்மாவா?"

"ஆமா. நீதான் கத்துக்கிடவே இல்ல. நெட்டுல தேடிப் பாரு, இருக்கும். நான் வந்ததும் வச்சுக் கொடு."

பிரின்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிங்க" என்றாள் வேல்கனி. அவள் குரல் மாறியிருந்தது. "நுங்கு போட்டது. இப்பவே தேடுதேன்."

மே 3

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரின்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேக்ஸ், கருவாட்டுல நுங்கு போட்டா கொழகொழன்னு ஆயிராதுங்களா?"

"கடைசியா போடணும் சார்."

"நானும் அதை நெனச்சேனுங்க. பக்கத்துல அளவு போடல நீங்க. வேற யாராச்சும் எழுதியிருப்பாங்களான்னு தேடிப் பாத்தேன்." கைப்பேசியை மேசைமேல் வைத்தார். நீலத் தலைப்பு. அதன் கீழே இரண்டு வரி.

சகாயராணியின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

என் விரல்களை மேசைக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. பிரின்ஸ் அதைப் பார்த்தார்.

"ஒரு வரி சேத்துக்கங்க" என்றார், காற்றுப் போன்ற குரலில். "செந்தில்நாதன். அன்னூர். எங்கம்மா பேரு ராமாத்தாளுங்க. நானும் டேட்டா என்ட்ரின்னுதான் வந்தேன். நாலு வருஷமாச்சு."

சரி என்றேன்.

எழுந்து போனார். வாசலில் நின்ற காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மே 4

நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அவர் சோதிக்கிறாரா, மெய்யாகத்தான் கேட்டாரா? சகாயராணியிடம் கேட்டேன். "உங்க கை, உங்க இஷ்டம்" என்றாள்.

இன்று நிர்மலா கோடைக் காலத்தில் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது பற்றி எழுதினாள்.

மே 9

பிரின்ஸ் என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. குழம்புப் பக்கத்தை நான் இன்னும் தொடவில்லை.

மே 17

ஒன்றும் நடக்கவில்லை. வேல்கனி பார்த்தாளா, பார்த்து யாரிடம் போனாள், ஒன்றும் தெரியாது. இன்று இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. ஒருவர், ஐம்பது வயதிருக்கும், படியேறும்போதே நிர்மலா மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கழிவறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 2, பாங்காக்

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். வரைவுகளில் இருந்ததை நேற்று இரவல் கைப்பேசி வழியாகத் தளத்துக்குள் நுழைந்து பிரதி எடுத்துவிட்டேன். கடவுச்சொல்லை அவர்கள் இன்னும் மாற்றவில்லை.

மே 29 காலை லாரிகளில் சீருடைக்காரர்கள் வந்தார்கள். எல்லோரையும் முற்றத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரு அதிகாரி கையில் தாள் வைத்துக்கொண்டு பெயர் வாசித்தார். தாளில் பெயர் இருப்பவர்கள் மட்டும் லாரிக்கு. வீட்டார் மனுக் கொடுத்து, தூதரகம் கேட்டவர்களின் பெயர்கள் என்று பிறகு தெரிந்தது. மற்றவர்களைப் பிறகு பார்ப்பார்களாம். என் பெயரைச் சொல்ல அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. சகாயராணியின் பெயரும் வந்தது.

லாரியில் ஏறும்போது பிரின்ஸ் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் மடிக்கப்பட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேக்ஸ், செந்தில்நாதன்னு வாசிச்சாங்களா? எனக்குச் சரியாக் கேக்கலீங்க."

லாரி நகர்ந்துவிட்டது.

ஜூன் 11, கோவில்பட்டி

வீடு. வேல்கனி என் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். குழம்பைத் தேடிய நிமிடமே அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஓடியிருக்கிறாள். பிறகு சென்னை, பிறகு டெல்லிக்கு மின்னஞ்சல், தூதரகம். ஒருவரையும் விடவில்லை.

"அதுல எத்தனை பேர் இருந்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருதான். நீங்களும் அந்தப் பிள்ளையும். தெனமும் தேடிப் பாத்தேன், வேற ஏதும் எழுதியிருக்கீங்களான்னு. கடைசி வரைக்கும் ரெண்டு பேருதான்."

தேடுபொறி ஒரு வரியை மாற்றி எடுத்துக்கொள்ளச் சில நேரம் வாரக்கணக்கில் ஆகும்.

அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். டேட்டா என்ட்ரி என்றேன்.

ஜூன் 24

அந்தத் தளத்தை முடக்கிவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது. இன்று தேடிப் பார்த்தேன். வேறு பெயரில், வேறு முகவரியில், அதே பக்கங்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. நிர்மலா முதல் இடத்தில் இருக்கிறாள். எனக்குப் பிறகு யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கைப் பக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் பெயர், என் படம், என் எண். 'வேளை' என்ற தப்பையும் வைத்தேன்.

ஜூலை 8

என் பக்கம் மூன்றாவது பக்கத்தில் நிற்கிறது. மூன்றாவது பக்கம் வரை யார் வருவார்கள்? சகாயராணிக்குப் போன் செய்து, நீயும் உன் பெயரில் எழுது, இரண்டு தளமும் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தால் மேலே ஏறும் என்றேன். "எழுதுறேன். உங்களுக்காக இல்ல" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 19

இன்று காலை ஒரு போன். வேல்கனி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் சப்பாத்தி மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, வணக்கம்ண்ணே. எனக்கு ஊரு பட்டுக்கோட்டை. இப்ப திருச்சி ஏர்போர்ட்டுல நிக்கிறேன். உங்க பேஜைப் பாத்தேன், அதான் சும்மா கேட்டுக்குவோமேன்னு."

"எந்த கம்பெனி?"

சொன்னான். புதுப் பெயர்.

"தம்பி, போகாத. அதே ஆளுங்கதான்."

"இல்லண்ணே, நீங்க மாட்டுனது வேற எடம். இங்க நிர்மலான்னு ஒரு அக்கா ரெண்டு வருஷமா இருக்காங்க. அவங்களே எழுதியிருக்காங்க, போலி ஏஜென்ட்டெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. உங்களவிட வெவரமா எழுதியிருக்காங்கண்ணே."

"அவ பொய்."

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவாங்க. சரிண்ணே, செக்-இன்னுக்குக் கூப்புடுறாங்க, வச்சுடுறேன்."

"வைக்காத. தம்பி, வைக்காத. நிர்மலா நான்தான்."

வேல்கனியின் கத்தி நின்றது.

அவன் சிரித்தான். "என்னண்ணே?"

"நான்தான் எழுதினேன். அவ படம் மட்டும் எங்கயோ எடுத்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கோ. ரெண்டாவது பத்தி. 'விடுதி மாடியில் நின்றால் ஆறு தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பவானி ஞாபகம் வரும்.' இருக்கா?"

"இருக்கு."

"'தம்பியின் முதல் பருவத் தேர்வு அன்று நான் இங்கே கோயில் இல்லாமல் தவித்துப் போனேன். மேலாளர்தான் ஒரு சாமி படம் வாங்கிக் கொடுத்தார்.' அதுக்கு அடுத்தது, 'இங்கே யாரும் அந்நியர் இல்லை.'"

"அதுக்கடுத்த வரி என்னண்ணே?"

சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். அவன் மெல்லிய குரலில் என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டே வந்தான். பிறகு படிப்பதை நிறுத்திவிட்டான். பின்னால் விமான அறிவிப்பு மூன்று மொழியில் ஓடியது.

"அண்ணே, எங்க அப்பா கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டிக்கிட்டே இருக்காரு. நான் இப்ப அவர்கிட்ட போயி என்ன சொல்றது?"

வேல்கனி எழுந்து வந்து மேசைமேல் இருந்த போனை எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் அவர் வீட்டுக்காரி பேசுதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பையைத் தூக்கிட்டு வெளிய வா ராசா. மொதல்ல உங்க அப்பாகிட்ட போய் நில்லு."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.